ஏட்டு வீட்டுத் தையல்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் சேர்த்துப் பயப்படுவதற்கென்று ஒருவர் இருந்தார். அவர் போலீஸ்காரர் என்பதுதான் இதில் வேடிக்கை. காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு அவர் நடந்து வந்தால் தெரு நாய்கள் பரிதாபப்பட்டு ஒதுங்கி வழிவிடும். ஸ்டேஷனில் ஏட்டு வேலை. வழக்குகளில் பிடிபட்ட சாமான்களைப் போட்டு வைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. அந்த அறையைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். பாதித் தெரு வந்த பிறகு சந்தேகம் வந்து, திரும்பிப் போய் ஐந்தாவது தடவையும் இழுத்துப் பார்ப்பார். 'பூட்டு ஏட்டு' என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதைச் செங்கல்லால் கட்டினார்களா அட்டையால் கட்டினார்களா என்பது கட்டியவனுக்கே வெளிச்சம். அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுவேன். போதாக்குறைக்கு ஏட்டின் மாமனாருக்குக் காது கேட்காது. அவரிடம் 'சாப்பிட வாங்க' என்று மகள் சொன்னால் தெருவில் மூன்று வீட்டில் இலை போட்டுவிடுவார்கள். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், சும்மா உட்கார்ந்திருந்தேன். கேட்டது.

அந்த அறைக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன். காணாமல் போன என் சைக்கிளை அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு உலகமே செத்துக் கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்ட சைக்கிள்கள், துருப்பிடித்த கத்திகள், ஒற்றைச் செருப்புகள், கள்ளத் தராசுகள், மனிதக் கால் படாத ஒரு புது மெத்தை. ஒரு பல்செட்டுகூட இருந்தது. யார் யாரைக் கடித்த கேஸோ. எல்லாவற்றிலும் சீட்டு கட்டித் தொங்கியது. மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. அதற்கு நடுவில் ஏட்டு, பிள்ளைகள் தூங்கும் அறையில் நடப்பவரைப் போல, பாதம் நோகாமல் நடந்தார்.

முக்கியமான சாமான்களைக் காடாத் துணிப் பைக்குள் போட்டு, வாயைத் தைத்து, தையலின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைப்பார்கள். அந்தத் தையல் ஏட்டின் மனைவியுடையது. தெருவில் எங்களுக்கு ஏட்டம்மா. வீட்டில் மெஷின் வைத்து ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பவர். ஸ்டேஷனில் யாருக்கும் ஊசி பிடிக்க வராததால், பெரிய கேஸ் எது வந்தாலும் ஏட்டு ஆள் அனுப்புவார். ஏட்டம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கோணி ஊசியோடு வருவார். சாமான் அறை வாசலில் இருவரும் தரையில் உட்காருவார்கள். ஏட்டு பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கி இழுத்துப் பிடிப்பார். ஏட்டம்மா தைப்பார். மூன்று முன்னால், ஒன்று பின்னால் என்று ஒரு தையல். இழுத்துப் பிடித்த துணியில் விழுவதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மழையில் சாய்ந்த நாற்று மாதிரி வரிசையாக நிற்கும். இதற்குச் சம்பளம் ஒரு டீ. அதையும் இருவரும் பாதி பாதி குடிப்பார்கள்.

அப்படித்தான் ஒரு வேனில் பிடிபட்ட போதைத்தூளையும் தைத்தார்கள். எட்டுப் பொட்டலம், தனித்தனிப் பையில். ஒவ்வொன்றும் செங்கல் அளவு. எட்டையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார் ஏட்டு. அந்தப் பெட்டி உள்ளே வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் பயந்து வடித்த வேர்வையை ஒழுங்காகப் பிடித்து வைத்திருந்தால் தெருவே துணி துவைத்திருக்கும்.

பிறகு இன்ஸ்பெக்டர் மாறினார். புதியவர் சிரித்த முகம். ஏட்டை 'அண்ணே' என்று கூப்பிடுவார். சாமான் அறைச் சாவியை அடிக்கடி கேட்பார். பழைய பேட்டரி ஒன்று இருக்கிறதாம், பார்க்க வேண்டுமாம். மேலதிகாரி கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா. ஏட்டு கொடுத்துவிட்டு வாசலில் நின்று நகம் கடிப்பார். கடித்துக் கடித்து முழங்கை வரைக்கும் போய்விடுவாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஒருநாள் வேறு ஏதோ கேஸுக்குத் தைக்க ஏட்டம்மா போயிருந்தார். ஏட்டு தகரப் பெட்டியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஏட்டம்மா உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. பருப்பு அடிப்பிடித்த வாடை சுவரைத் தாண்டி வந்தபோதுதான் பேச்சு ஆரம்பித்தது.

"அதுல ரெண்டு நான் தைச்சது இல்லங்க."

"என்ன உளர்ற?"

"மூணு முன்ன, ஒண்ணு பின்ன. என் கையி அப்படித்தான் போகும். அந்த ரெண்டுல நேரா ஓடியிருக்கு. செருப்புத் தைக்கிற மாதிரி."

"அரக்கு முத்திரை சரியா இருக்கேம்மா."

"முத்திரை யார்கிட்ட இருக்கு?"

 முத்திரை இன்ஸ்பெக்டரின் மேஜைக்குள் பூட்டியிருக்கும். அவர் ஒருவர்தான் எடுப்பார். மாமனார்தான், "என்னம்மா தீயுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

யாரிடம் போய்ச் சொல்வது? சாவி ஏட்டிடம். பொறுப்பு ஏட்டிடம். பெண்டாட்டிக்கு நூல் வேறு மாதிரி தெரிகிறது என்று மேலிடத்தில் போய் நின்றால், அவரையே முதலில் உள்ளே வைப்பார்கள். பொறுப்பில் இருந்த சாமானில் கை வைத்தவன் என்று பெயர் வந்தால் ஜெயில், வேலை போகும், ஜெயிலுக்குள் அவர் பிடித்துக் கொடுத்த ஆட்களே அண்டை அறையில் இருப்பார்கள். இதையெல்லாம் ஏட்டு விடிய விடிய வரிசையாகச் சொன்னார். ஏட்டம்மா கடைசியில் ஒன்று சொன்னார். மிச்சம் ஆறு நன்றாகத்தானே இருக்கிறது, அதைக் கோர்ட்டுக்குப் போகிற நாள் வரைக்கும் வேறு எங்கேயாவது மறைத்து வையுங்கள், அந்த அறைக்குள்ளேயே.

அறைக்குள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. ஒரு மைக் செட்காரரிடமிருந்து திருடு போய்ப் பிடிபட்டவை. இரண்டு வருடமாகக் கேஸ் நடந்துகொண்டே இருந்தது. ஆள் உயரத்தில் பாதி. ஏட்டு வலது பக்கப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். ஆறு பொட்டலத்தையும் உள்ளே அடுக்கினார். மறுபடி திருகினார். தகரப் பெட்டியில், பிரித்துத் தைத்த அந்த இரண்டை மட்டும் வைத்துப் பூட்டினார்.

பூட்டு ஏட்டு தன் வாழ்நாளில் செய்த ஒரே வீரம் அது. அதன் பலன் அந்த வாரமே தெரிந்தது. இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் பேட்டரி பார்க்கப் போனார். சிறிது நேரத்தில் வெளியே வந்தார். சாவியை ஏட்டின் கையில் வைத்தார். அவர் தகரப் பெட்டியைத் திறந்திருக்கிறார். அவர் கை வைத்த இரண்டு மட்டும் அவருக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். ஆனால் மற்றது எங்கே என்று கேட்க முடியாது. கேட்டால் ஏன் திறந்தாய் என்று வரும். ஏட்டும் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் நகர்த்தினாய் என்று வரும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது ஏட்டுக்குப் பல் அடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு ஏட்டு குடும்பத்தின்மேல் பாசம் பொங்கியது. தினம் விசாரிப்பார். "வீட்ல சௌக்கியமாண்ணே? மாமனாருக்குக் காது கேக்காதாமே. வண்டி ஹாரன் அடிச்சாலும் தெரியாதில்ல. ரோட்டைத் தாண்டும்போது யாராவது கூடப் போங்க. காலம் கெட்டுக் கெடக்கு."

அன்றிலிருந்து மாமனாரை வாசலுக்குக்கூட விடவில்லை. அவருக்குக் காரணம் சொல்லவும் முடியாது. சொன்னால் ஊருக்கே சொன்னதாகும். "என்னைய எதுக்குடி ஆட்டுக்குட்டி மாதிரி கட்டிப் போடுற?" என்று அவர் கத்துவார். ஏட்டம்மா மெஷினை வேகமாக மிதிப்பார். பைக் ஒன்று தெருவுக்குள் வந்தால் மெஷின் நின்றுவிடும். பைக் கடந்து போனதும் மறுபடி ஓடும். அந்த மெஷின் நின்று நின்று ஓடும் சத்தத்தைக் கேட்டு எனக்கே, ஊரில் எதற்கும் பயப்படாத எனக்கே, வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடத் தோன்றியது. புழுக்கம் வேறு அப்படி. மேகம் வந்து மூடிக்கொண்டு, பெய்யாமல் நின்றது. சுவரெல்லாம் வேர்த்தது.

கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது. போதைத்தூளை வரும் திங்கட்கிழமை கொண்டுவந்து காட்ட வேண்டும், பிறகு அழித்துவிடலாம். ஏட்டுக்கு அதைக் கேட்டு உயிர் வந்தது. திங்கள் காலையில் ஆறையும் எடுத்து வைத்துவிட்டால் நீதிபதி கையில் போய்விடும். சந்தோஷத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பயத்தில் இத்தனை நாள் நின்ற உடம்பு, ஆறுதலில் விழுந்தது. இன்ஸ்பெக்டரே ஆள் அனுப்பினார். அண்ணன் ஓய்வெடுக்கட்டும், சாவியை மட்டும் கொடுத்துவிடச் சொல்லுங்கள், மாற்று ஆள் பார்த்துக்கொள்வான்.

காய்ச்சல் விட்டு ஏட்டு திரும்பிப் போனபோது, சாமான் அறை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அந்த நாட்களில் அறையைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். மெத்தையைக் கிழித்திருக்கிறார். புரட்ட இடம் போதாமல், இந்தக் குப்பையை எல்லாம் முதலில் வெளியே அனுப்பித் தொலையுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கேஸ் முடிந்தவர், முடியாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஆள் அனுப்பி, சாமானை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். மைக் செட்காரர் வந்து இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அனுமதிக் கையெழுத்து இன்ஸ்பெக்டருடையது.

ஆக, அவர் தேடியதை அவரே வேனில் ஏற்றி வழியனுப்பி வைத்திருக்கிறார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு ஆண், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழும் சத்தம்.

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு."

"என் பேச்சுதான். இல்லேங்கல."

"திங்கக்கிழமை பெட்டியைத் திறப்பாங்க. ரெண்டு இருக்கும். அதுவும் கோலமாவா என்ன எழவோ. நான் என்ன சொல்லுவேன்? பாட்டுப் பெட்டியில வச்சேன், பாட்டு போயிடுச்சுன்னு சொல்லவா?"

"எந்திரிங்க. மூஞ்சியைக் கழுவுங்க. அந்த ஆளைப் போய்ப் பாருங்க."

மைக் செட்காரர் பேச்சில் கெட்டிக்காரர். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஏட்டைப் பார்த்ததும் இரண்டு வருடக் கதையையும் ஆரம்பித்தார். எத்தனை தடவை அய்யா அய்யா என்று ஸ்டேஷன் வாசலில் நின்றேன், எத்தனை டீ வாங்கிக் கொடுத்தேன், அந்த டீக் காசில் புதுப் பெட்டியே வாங்கியிருக்கலாம். ஏட்டு, ஒரு பெட்டியைத் தான் விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் உங்ககிட்டயே கெடந்துச்சே ஏட்டையா. அப்ப வராத ஆசை இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

பெட்டிகள் அப்போது கடையில் இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தன. அங்கிருந்து நேராக சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகின்றன. எந்தக் கூட்டம் என்று கேட்டதற்கு மைக் செட்காரர் ஏட்டைப் பரிதாபமாகப் பார்த்தார். உங்கள் ஸ்டேஷன் நடத்துகிற கூட்டம்தானே, போதைப்பொருள் ஒழிப்பு விழிப்புணர்வுக் கூட்டம், பள்ளிக்கூட மைதானத்தில். வாடகையும் கிடையாது. இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்தோமே, அதற்கு வாடகை கேட்டோமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"ஆனா வலது பக்கப் பாக்ஸ் கம்முது ஏட்டையா. சளி பிடிச்ச மாதிரி. உள்ள எலி கூடு கட்டியிருக்கு போல. கூட்டம் முடியட்டும், பிரிச்சுப் பாத்துடறேன்."

ஏட்டு அங்கேயே ஒயர்க் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை மைதானத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். மேகம் தலையில் இடிக்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. மேடையில் இன்ஸ்பெக்டர், தலைமை ஆசிரியர், நடுவில் சிறப்பு விருந்தினராக இன்ஸ்பெக்டருக்கெல்லாம் மேலான அதிகாரி அம்மா ஒருவர். நரைத்த தலை, இறுக்கமான வாய். நான் முன்னாலேயே போய் இடம் பிடித்துவிட்டேன். எனக்குப் போதைப் பழக்கம் எதுவும் இல்லை, ஆனாலும் விழிப்புணர்வு வேண்டுமல்லவா.

ஏட்டு வீட்டில் திட்டம் போட்டிருந்தார்கள். காது கேட்காத மாமனாரை வலது பக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது. அங்கே உட்கார்ந்தால்தான் அவருக்குக் கேட்கும் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பேச்சு முடிந்து எல்லோரும் டீக்கு எழுந்ததும், பெட்டிக்குப் பின்னால் ஏட்டம்மா பலகையைக் கழற்றிப் பொட்டலங்களைப் பைக்குள் போட்டுக்கொள்வது. அவர் தையல் பைக்குள் கோணி ஊசியோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தது. பை மடியில். பையின்மேல் இரண்டு கை. அந்தக் கைகள் நடுங்கியதில் பைக்குள் கிடந்த, நூல் சுற்றிய பாபின்கள் கிலுகிலுவென்று ஆடியது எனக்குக் கேட்டது. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டர் பேசினார். இளைய தலைமுறை, நஞ்சு, குடும்பங்களின் கண்ணீர் என்று அழகாகப் பேசினார். இடது பக்கப் பெட்டியில் அவர் குரல் கணீரென்று வந்தது. வலதில் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் வந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், கேட்கவில்லை என்று கை காட்ட ஆரம்பித்தார்கள். மாமனார் பெட்டியில் காதை ஒட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுக்கும் என்னை மாதிரிதான்போல" என்று பந்தலுக்கே அறிவித்தார். கூட்டம் சிரித்தது.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகாரி அம்மா பக்கத்தில் இருக்கிறார். மைக்கிலேயே சொன்னார், "யோவ் மைக் செட்டு, அந்தப் பெட்டியைப் பிரிச்சு என்னன்னு பாருய்யா. இப்பவே."

மைக் செட்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். ஒரு திருகு கழன்றது. ஏட்டு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தலே லேசாக ஆடியது. இரண்டாவது திருகு. ஏட்டம்மா எழுந்தார். நேராகப் புருஷனிடம் போனார். தன் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் சொன்னது சத்தமாக இல்லை. ஆனால் நான் சொன்னேனே, என் காது அப்படி.

"அவரு திறந்தா அது திருட்டு. நீங்க திறந்தா அது கேஸ் சாமான். போங்க."

ஏட்டு போனார். அந்தப் பத்தடி தூரத்தை அவர் நடந்ததைப் போல் சந்திரனில்கூட யாரும் அவ்வளவு மெதுவாக நடந்திருக்க மாட்டார்கள். மைக் செட்காரரை விலகச் சொன்னார். மீதித் திருகுகளைக் கழற்றினார். பலகையை எடுத்துவிட்டுப் பொட்டலங்களை ஒன்றொன்றாக எடுத்து மேடை மேஜைமேல், அதிகாரி அம்மாவின் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினார். பிறகு சல்யூட் அடித்தார். 

"ஸ்டேஷன் கேஸ் சாமான் மேடம். வேன்ல பிடிச்ச தூள். நான்தான் உள்ள வச்சேன்."

 இன்ஸ்பெக்டருக்கு மூளை வேகம். மைக்கை இழுத்துச் சிரித்தபடி, இது நம் காவல்துறை மக்களுக்குக் காட்டும் செயல்முறை விளக்கம், போதைப்பொருளை எங்கெல்லாம் மறைக்கிறார்கள் பாருங்கள் என்றார். மக்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதிகாரி அம்மா தட்டவில்லை.

"கேஸ்ல எத்தனை?"

"எட்டு மேடம்," என்றார் ஏட்டு.

"இது ஆறு."

"ரெண்டு ஸ்டேஷன்ல தகரப் பெட்டியில இருக்கு மேடம். அதுல இருக்கிற தையல் எங்க வீட்டுத் தையல் இல்ல."

மைதானத்துக்கு அடுத்த கட்டடம்தான் ஸ்டேஷன். தகரப் பெட்டி வந்தது. அதிகாரி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை யாரிடம் இருக்கும் என்று கேட்டார். தன்னிடம்தான் என்று இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த இரண்டும் முதலிலேயே அப்படித்தான் தைக்கப்பட்டிருந்தன என்றார்.

"வீட்டுப் பொம்பளை தையல் மேடம். ஒருநாள் ஒரு மாதிரி வரும். இதையெல்லாம் ஒரு சாட்சின்னு எடுத்துக்கிட்டா எப்படி? சாவி இவர்கிட்ட. வெளியே கொண்டு போனதும் இவர். அவரே இப்ப ஒத்துக்கிட்டாரு."

அதிகாரி அம்மா எட்டுப் பொட்டலத்தையும் தன் வண்டியில் ஏற்றினார். சாவியையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டார். நாளைக் காலை ஏட்டு வீட்டுக்கே வருவதாகச் சொன்னார். ஏட்டம்மா தன் முன்னால் ஒரு பையைத் தைக்க வேண்டும். தையல் அந்த ஆறோடு ஒத்துப்போனால் இன்ஸ்பெக்டர் பதில் சொல்வார். ஒத்துப்போகாவிட்டால் ஏட்டு தன்னோடு வர வேண்டியிருக்கும். மைக் செட்காரர் அதற்குள் பெட்டியை மூடிச் சோதித்துப் பார்த்தார். வலது பக்கப் பெட்டி இப்போது மணி அடித்தது போல் ஒலித்தது. பேச்சைத் தொடரலாம் சார் என்றார். இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்தார். பெட்டியில் இருந்த அடைப்பு இப்போது அவர் தொண்டைக்கு வந்துவிட்டது.

அன்று இரவு தைத்துப் பழகிப் பார்த்ததாக ஏட்டம்மா காலையில் என் மனைவியிடம் சொன்னார். தைக்கத் தைக்க வேறு வேறு மாதிரி வந்ததாம். ஒன்று நெளிந்தது, ஒன்று தொங்கியது. எத்தனையோ வருடம் யோசிக்காமல் ஓடிய கை, யோசித்த உடனே மறந்துபோனது. சொல்லும்போதே அவர் உதடு வெளுத்திருந்தது. நான் ஆறுதல் சொல்லப் போனேன். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதிகாரி அம்மா வந்தார், கூட இரண்டு போலீஸார், இன்ஸ்பெக்டர். தெருவே அந்த வாசலில் நின்றது. மாமனார் எல்லோருக்கும் உட்கார நாற்காலி தேடினார். மழை கடைசியில் பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் கல் கொட்டுவது போல் பெய்தது. காடாத் துணிப் பையைத் தரையில் வைத்தார்கள். உள்ளே செங்கல். ஏட்டை எதிர்ச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவர் பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஏட்டம்மா உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்தார். கோக்கவே நாலு தடவை ஆயிற்று. முதல் தையல் தளர்ந்து விழுந்தது. பிரித்தார். இரண்டாவதும் நேராக ஓடியது, அந்தத் திருட்டுப் பொட்டலத்துத் தையல் மாதிரியே. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"முடியலேன்னா விட்டுடும்மா," என்றார் அதிகாரி அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஏட்டம்மா ஊசியை நிறுத்தினார். பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"துணி தொங்குதும்மா. இதை நான் தனியாத் தைச்சதே இல்ல. அவரு பிடிப்பாரு."

"என்ன பிடிப்பாரு?"

"வாயை. இழுத்துப் பிடிப்பாரு. ஊசியத் தொட மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.  "பிடிக்கட்டும். கை எனக்குத் தெரியுற மாதிரி," என்றார்.

ஏட்டு வந்து மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பையின் வாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பூட்டை இழுத்துப் பார்ப்பது போலவே, ஒருமுறை, இன்னொரு முறை, துணி விண்ணென்று நிற்கும் வரைக்கும். இருவர் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் துணி நடுங்கவில்லை. ஊசி இறங்கியது. மூன்று முன்னால், ஒன்று பின்னால். மூன்று முன்னால், ஒன்று பின்னால். தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெளியே அடித்த மழையில் சாய்ந்தது போல், வரிசையாக வந்து நின்றது.

அதிகாரி அம்மா ஆறு பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எந்தத் தையல் எதுவென்று அவருக்கே ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். ஏட்டைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

சாமானை இடம் மாற்றியதற்கு ஏட்டுக்கும் விசாரணை உண்டு, ஸ்டேஷன் பக்கம் கொஞ்ச நாள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இன்ஸ்பெக்டர் வரும்போது முன் சீட்டில் வந்தவர், போகும்போது பின் சீட்டில் இரண்டு பேருக்கு நடுவில் போனார். வண்டி தெருவைத் தாண்டிய பிறகும் ஏட்டு பையின் வாயை விடவில்லை. ஏட்டம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"விடுங்க. முடிஞ்சுது," என்றார்.

ஏட்டு விடவில்லை. ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.